அங்க அடையாளம்: 1976ல பதினொண்ணாவது முடிச்ச எங்க செட்டு

ஒரு தம்பி கேட்டிருந்தாரு, அந்தக் காலத்துல பதினொண்ணாவது முடிச்சு பிரியும்போது உங்க கூடப் படிச்சவங்க எல்லாம் எப்படி இருந்தாங்க, ஆட்டோகிராப் குரூப் போட்டோ எல்லாம் அப்ப உண்டா, தருமபுரி கிருஷ்ணகிரி பக்கம் படிச்ச பெரியவங்க யாராவது விவரமா சொல்லுங்கன்னு. பெரியவங்க லிஸ்ட்ல நாமளும் வந்துட்டமேன்னு கொஞ்சம் வருத்தம்தான், பரவால்ல. நான் 1976 மார்ச்ல பரிட்சை எழுதுன ஆளு, காவேரிப்பட்டணத்துக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவுல ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி, அப்பறம் நானே வாத்தியாரா போயி ரிட்டையரும் ஆயிட்டேன், அதனால பெஞ்சுல உக்காந்தவன் கதையும் தெரியும் ஆபீஸ் ரூம் பீரோ கதையும் தெரியும்.

இப்ப இருக்கிற பசங்களுக்கு முதல்ல பதினொண்ணாவதுன்னா என்னன்னு சொல்லிடறேன். அப்ப பிளஸ் டூ கிடையாது. பதினொண்ணாவது தான் எஸ்.எஸ்.எல்.சி., அதோட ஸ்கூல் முடிஞ்சுது, மேல படிக்கணும்னா காலேஜுக்கு போயி ஒரு வருஷம் பி.யூ.சி. படிக்கணும், அதுக்கப்பறம் தான் டிகிரி. 1978ல தான் பிளஸ் ஒன் ஆரம்பிச்சாங்க, முதல் பிளஸ் டூ பரிட்சை 1980ல. எங்களுக்கு பி.யூ.சி.க்கு கிருஷ்ணகிரில ஒரு அரசு கலைக்கல்லூரி, தருமபுரில ஒண்ணு, ரெண்டுமே அறுபதுகள்ல வந்தது. அப்ப கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்ல, தருமபுரி மாவட்டத்துல ஒரு தாலுக்கா. தருமபுரியே 1965 அக்டோபர் 2ஆம் தேதி சேலத்துல இருந்து பிரிஞ்சது தான், கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9ல பிரிஞ்சது. எங்க அப்பா சர்டிபிகேட்ல சேலம் ஜில்லா, என்னுதுல தருமபுரி மாவட்டம், என் பேத்திக்கு கிருஷ்ணகிரி மாவட்டம், ஆனா வீடு அதே வீடு, ஓடு கூட முக்கால்வாசி அதே ஓடு.

இனி விஷயத்துக்கு வரேன். பழைய எஸ்.எஸ்.எல்.சி. சர்டிபிகேட் இப்ப மாதிரி ஒத்தத் தாள் இல்ல, ஒரு புத்தகம், கெட்டி அட்டை போட்டிருக்கும், அதனால தான் இன்னைக்கும் எங்க வயசு ஆளுங்க எஸ்.எஸ்.எல்.சி. புக்குன்னு சொல்லுவோம். அதுல பேர், அப்பா பேர், பிறந்த தேதி, தாய்மொழி எல்லாம் போக அங்க அடையாளம்னு ஒரு இடம் உண்டு. உடம்புல இருக்கிற மச்சமோ தழும்போ ரெண்டு எழுதணும், ஆள் மாறாட்டம் நடக்கக் கூடாதுன்னு. அத எழுதறது ஸ்கூல் ரைட்டர், எங்க ஊர்ல கிளார்க்க ரைட்டர்னு தான் சொல்லுவாங்க. முப்பத்திநாலு பேர வெயில்ல வரிசையா நிக்க வச்சு ஒவ்வொருத்தனா சட்டைய தூக்கி தேட அந்த மனுசனுக்கு பொறுமை ஏது? கைல அம்மை குத்துன தழும்ப எழுதலாம்னா அது அந்த வயசு ஆளுங்க எல்லாருக்குமே இருக்கும், அத வச்சு யாரையும் அடையாளம் சொல்ல முடியாது. அதனால அவரு ஒரு வழி கண்டுபிடிச்சாரு, முதல் ஆளுக்கு வலது கன்னத்துல மச்சம், ரெண்டாவது ஆளுக்கு இடது முழங்கால்ல தழும்பு, மூணாவது ஆளுக்கு மறுபடியும் வலது கன்னம், இப்படியே மாத்தி மாத்தி எல்லாம் இங்கிலீசுல. எனக்கு வலது கன்னத்துல மச்சம்னு இருக்கு, கண்ணாடில எவ்ளோ தேடினாலும் கிடைக்கல. 2017ல பென்ஷன் பேப்பர் எழுதும்போது அதுலயும் அங்க அடையாளம் கேட்டாங்க, பழசுக்கும் புதுசுக்கும் ஒத்து வரணுமேன்னு இல்லாத அந்த மச்சத்தையே மறுபடியும் எழுதிக் குடுத்துட்டு வந்தேன்.

பிறந்த தேதியும் அதே கதை தான். ஒண்ணாங்கிளாஸ் சேக்கும்போது வலது கைய தலைக்கு மேல போட்டு இடது காத தொடச் சொல்லுவாங்க, தொட்டா அஞ்சு வயசு ஆயிடுச்சுன்னு அர்த்தம், ஹெட்மாஸ்டர் ஜூன் மாசம் ஸ்கூல் திறக்கறதுக்கு தோதா ஒரு தேதி போட்டுக்குவாரு. எங்க செட்ல ஒம்பது பேருக்கு பிறந்த நாள் ஜூன் 1, 1959. கவர்மெண்ட்ல ஒண்ணாந்தேதி பிறந்தவன் அதுக்கு முந்தின மாசக் கடைசிலயே ரிட்டையர் ஆகணும், அப்ப ரிட்டையர்மெண்ட் வயசு 58, அதனால அந்த ஒம்பதுல அரசு வேலைக்கு போன நாலு பேரும் 2017 மே 31 அன்னிக்கு ஒரே நாள்ல மாலை போட்டு வீட்டுக்கு வந்தோம். அன்னிக்கு சாயங்காலம் ஒருத்தனுக்கு ஒருத்தன் போன் பண்ணி சிரிச்சது இருக்கே, அந்த ஹெட்மாஸ்டர் இருந்திருந்தா அவரும் சிரிச்சிருப்பாரு.

ஆக சர்டிபிகேட் சொல்ற அடையாளத்த நம்பி எங்க செட்ல ஒருத்தனையும் கண்டுபிடிக்க முடியாது. நான் சொல்றது எனக்குத் தெரிஞ்ச அடையாளம். பேர் சொல்ல மாட்டேன், எல்லாம் பேரன் பேத்தி எடுத்தவங்க, பட்டப்பேர் போதும், அதுவும் அவங்க வீட்டுக்காரங்களுக்கு தெரியாது.

குரூப் போட்டோல இருந்து ஆரம்பிக்கிறேன், இப்ப என் முன்னாடி அது தான் இருக்கு. கிருஷ்ணகிரில இருந்து போட்டோக்காரர் சைக்கிள்ல முக்காலிய கட்டிகிட்டு வந்தாரு, கறுப்புத் துணிக்குள்ள தலைய விட்டு எடுக்கிற கேமரா. தலைக்கு மூணு ரூபா. வாத்தியாருங்க நாற்காலில, பொண்ணுங்க அஞ்சு பேர் ஒரு ஓரமா, பசங்க பின்னாடி பெஞ்சு மேல, கீழ ஒரு சிலேட்ல சாக்பீஸ்ல 1975-76. சிரிங்க சிரிங்கன்னு போட்டோக்காரர் கத்துறாரு, ஒருத்தனும் வாயத் திறக்கல. போட்டோவ பாத்த என் மருமகள் கேட்டா, ஏன் மாமா எல்லாரும் கோவமா இருக்கீங்கன்னு. கோவம் இல்லம்மா, பல்லு. எங்க மாவட்டத்து நிலத்தடி தண்ணில புளோரைடு ஜாஸ்தி, பாறைல இருந்து கரைஞ்சு வரது, லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராம் தாண்டினாலே தப்புன்னு சொல்றாங்க, சின்ன வயசுல பல்லு உருவாகிற நேரத்துல அந்தத் தண்ணிய குடிச்சா பல்லு மஞ்சளா பழுப்பா கறை புடிச்சு வரும், எத்தன வேப்பங்குச்சி போட்டு தேச்சாலும் போகாது. வேற மாவட்டத்துல போயி வாயத் திறந்தாலே தருமபுரியான்னு கேட்டுடுவாங்க. உண்மையான அங்க அடையாளம்னா அது தான், ஆனா எல்லாருக்கும் இருக்கிறத எப்படி அடையாளம்னு எழுதறது? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல தான் வந்துச்சு, எங்க பேரப்பசங்க போட்டோல பல்லக் காட்டி சிரிக்கிறத பாக்கும்போது எனக்கு அந்தக் குழாய் தான் ஞாபகம் வரும்.

போட்டோல பின்வரிசைல இடது ஓரம் நிக்கிறவன் களி. ராயக்கோட்டை ரோட்டுப் பக்கம் கொல்லைக்குள்ள வீடு, தினம் ஒரு மணி நேரத்துக்கு மேல நடை. தூக்குப்போசில ராகி களியும் கொள்ளு கடைசலும். எங்க எல்லார் வீட்லயும் களி தான், ஆனா அத ஸ்கூலுக்கு கொண்டு வர எங்களுக்கு வெக்கம், எங்கள மாதிரி பசங்க வீட்ல சோறு ஆக்குற அன்னிக்கு மட்டும் டிபன் பாக்ஸ் எடுத்துட்டு வருவோம், மத்த நாள் மத்தியானம் பசிக்கலன்னு சொல்லிட்டு மரத்தடில படுத்துக்குவோம். அவனுக்கு வெக்கமே கிடையாது. கும்பகோணம் பக்கத்துல இருந்து மாத்தலாகி வந்த சயின்ஸ் வாத்தியார் ஒருத்தர் ஆசைப்பட்டு ஒரு உருண்டை வாங்கி சாப்பிட்டாரு, பாவம் அத மென்னுட்டாரு, பல்லு முழுக்க ஒட்டிகிச்சு, களி பக்கத்துல நின்னு பொறுமையா சொல்றான், சார் களிய மெல்லக் கூடாது சார், கொழம்புல தொட்டு நாக்குல வச்சு முழுங்கிடணும், அது தானா எறங்கிடும். அன்னில இருந்து அந்த சாருக்கு இவன் தான் குரு, மார்ச் வரைக்கும் ரெண்டு பேரும் ஒண்ணா தான் சாப்பாடு. களி ஐ.டி.ஐ. முடிச்சான், 1980ல ஓசூர்ல லேலண்டு பேக்டரி திறந்தப்ப உள்ள போனான், போன வருஷம் அவன் வீட்டுக்கு போனா சர்க்கரை வியாதிக்கு நல்லதுன்னு டாக்டரே களி சாப்பிடச் சொல்லிட்டாருன்னு எங்கிட்ட பெருமையா சொல்றான், சொல்லிட்டு என் முகத்த பாத்தான், மரத்தடில படுத்துகினு இருந்தது ஞாபகம் இருக்கான்ற மாதிரி.

ரேடியோன்னு ஒருத்தன். அவங்க அப்பாவுக்கு காவேரிப்பட்டணத்துல டீக்கடை, நிப்பட்டு முறுக்கெல்லாம் கண்ணாடி பாட்டில்ல இருக்கும், மேல ஒரு வால்வு ரேடியோ. இலங்கை வானொலி அறிவிப்பாளர் மாதிரியே பேசுவான், அட்டெண்டன்ஸ்ல "உள்ளேன் ஐயா" சொல்றதுக்கே ஒரு ராகம். ஊர்ல எந்த சேதியும் அவன் வாய் வழியா தான் எங்களுக்கு வரும். 1975 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி லீவு, காமராஜர் போயிட்டாருன்னு சைக்கிள்ல ஊர் ஊரா வந்து சொன்னவன் அவன் தான், ஹெட்மாஸ்டர் வீட்டு வாசல்ல நின்னு சொல்லும்போது மட்டும் அந்த அறிவிப்பாளர் குரல் வரல, சாதாரண பையன் குரல்ல சொன்னான். நாலு மாசம் கழிச்சு ஜனவரி கடைசில கலைஞர் ஆட்சிய கலைச்சாங்க, எமர்ஜென்சி சமயம், அந்த சேதிய கடைக்கு வெளிய நின்னு சொல்லாதடான்னு அவங்க அப்பா அவன் வாயப் பொத்தினாரு. எங்களுக்கு எமர்ஜென்சின்னா தெரிஞ்சதெல்லாம் இருபது அம்சத் திட்டம் கட்டுரை மட்டும் தான், அது பரிட்சைல கண்டிப்பா வரும்னு சொல்லி இருபதும் மனப்பாடம், இப்ப கேட்டா ரெண்டு கூட வராது.

புளி இன்னொருத்தன், உருது பேசற வீடு. மாசி பங்குனில எங்க பக்கம் புளி சீசன், வியாபாரிங்க கிட்ட மூட்டைல வாங்கி வந்து வீட்ல பொம்பளைங்க ஓடு தட்டி கொட்டை எடுத்துக் குடுப்பாங்க, எடைக்கு கூலி. அவன் அக்கா தங்கச்சிங்க கூட உக்காந்து ராத்திரி பதினொரு மணி வரைக்கும் கொட்டை எடுப்பான், மடில ஜாமெட்ரி புக்கு விரிச்சு வச்சிருப்பான், பக்கம் திருப்பறது மட்டும் சின்னத் தங்கச்சி, ஏன்னா இவன் விரல் பூரா புளி. அவன் ஜாமெட்ரி புக்க மோந்து பாத்தா ரசம் வாசனை வரும். காம்போசிட் மேத்ஸ்ல எங்க வகுப்புல அவன அடிச்சுக்க ஆளே இல்ல, ஜெனரல் மேத்ஸ் எடுத்த நாங்க எல்லாம் அவன கொஞ்சம் மரியாதையா தான் பாப்போம். அப்பறம் சவுதிக்கு போயிட்டான், வந்தான், மறுபடியும் போனான், இப்ப எங்க இருக்கான்னு தெரியல.

துரோபதைய பத்தி கொஞ்சம் நீளமா சொல்லணும்.

அவன் குடும்பமே கூத்து. எங்க பக்கம் துரோபதை அம்மன் கோயில்ல பாரதம் நடத்தினா பகல்ல பாரதம் படிப்பாங்க, ராத்திரி விடிய விடிய கூத்து, அர்ச்சுனன் தபசுக்கு உசரமா மரம் நட்டு அதுல ஏறி பாடுவாங்க, கடைசி நாள் மண்ணுல துரியோதனன் உருவம் பெருசா செஞ்சு படுகளம். பதினாறு வயசுலயே இவன் பொம்பள வேஷம் கட்டுவான், அதனால துரோபதை. ஸ்கூல்ல செய்யுள் ஒப்பிக்கச் சொன்னா ராகத்தோட தான் வரும், அத நிறுத்துடான்னு தமிழ் ஐயா சொல்லுவாரு, ஆனா கண்ண மூடிகிட்டு தான் சொல்லுவாரு, ரெண்டு பாட்டு போன பின்னாடி தான் சொல்லுவாரு. அந்த ஐயா தஞ்சாவூர்க்காரர், தண்ணியில்லாத ஊருக்கு தூக்கி அடிச்சுட்டாங்கன்னு வந்த புதுசுல ஒரே புலம்பல், அதியமான் ஊரு தகடூர், அவ்வை இங்க தான நெல்லிக்கனி வாங்கினாங்க, அவங்களே வந்த ஊருக்கு நீங்க வரக்கூடாதான்னு ஹெட்மாஸ்டர் கேட்டாராம், அதுக்கப்பறம் அவரு புலம்பல.

பரிட்சை பங்குனில. பக்கத்து ஊர் பாரதமும் பங்குனில. படுகளத்தன்னிக்கு காலைல துரோபதை கூந்தல் முடிச்சா தான் பாரதம் முடியும், ஊரே காத்துகினு இருக்கும், அன்னிக்கு பத்து மணிக்கு சமூக அறிவியல் பரிட்சை. வேற யாராவது முடிஞ்சுக்கட்டும்னு விட முடியுமா, பதினெட்டு நாளா அவுத்து விட்ட கூந்தல். ராத்திரி முழுக்க ஆடி காலைல முடிஞ்சுட்டு, அம்மன் சிலைக்கு முன்னாடி விழுந்து கும்புட்டுட்டு, யாரோ ஒருத்தர் சைக்கிள் பின்னாடி உக்காந்து பரிட்சை ஹாலுக்கு வந்து எறங்கறான். மூஞ்ச கழுவிகிட்டு தான் வந்தான், ஆனா காதுக்குப் பின்னாடி அரிதாரம், கண்ணுல மை, கழுத்துல மஞ்சள். சூப்பர்வைசர் வேற ஸ்கூல் வாத்தியார், ஹால்டிக்கெட்ட பாக்கறாரு, ஆள பாக்கறாரு, யாருய்யா நீன்னாரு. ஹாலே ஒரே குரல்ல "துரோபதை சார்"னு சொல்லுச்சு. எங்க ரைட்டர் பாவம் ஓடி வந்தாரு, எங்க பையன் தான் சார், வலது கன்னத்துல மச்சம் இருக்கும் பாருங்கன்னாரு. சூப்பர்வைசர் கைக்குட்டைய நனைச்சு குடுத்தாரு, இவன் கன்னத்த தொடைக்கிறான் தொடைக்கிறான், அரிதாரம் போச்சு, மை போச்சு, மச்சம் மட்டும் வரல. வேஷத்தோட அதுவும் அழிஞ்சு போச்சு போல சார்னு ரைட்டர் சொன்னாரு. சூப்பர்வைசர் ஒரு நிமிஷம் அவர முறைச்சுட்டு அப்பறம் சிரிச்சுட்டாரு, போய் எழுதுன்னாரு. நாப்பத்தி சொச்சம் மார்க்கு வாங்கி பாஸ். பின்னாடி அண்ணா போக்குவரத்துக் கழகத்துல கண்டக்டர் ஆனான், காவேரிப்பட்டணம் காரிமங்கலம் தருமபுரின்னு அவன் ஊர் பேர் சொல்றத கேக்கறதுக்காகவே ஒரு பஸ்ஸ விட்டுட்டு அவன் பஸ்ஸுக்கு நின்னவங்க உண்டு, நானும் நின்னிருக்கேன்.

மாங்கான்னு ஒருத்தன், பரிட்சைல பெயில். அத முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா அவன பத்தி பேசும்போது அவனே முதல்ல அதத்தான் சொல்லுவான். சந்தூர் பக்கம், மாங்கன்னு ஒட்டு கட்டறதுல பேர் போன ஊரு. கொட்டை போட்டு தொட்டில முளைச்ச கன்ன தாய் மரத்துக் கிளை பக்கத்துல பரண் கட்டி தூக்கி வச்சு, கன்னுலயும் கிளைலயும் ஒரு விரல் நீளத்துக்கு தோல சீவி, சீவின இடம் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு பொருந்தற மாதிரி வச்சு சணல்ல கட்டிடுவாங்க, ரெண்டு மூணு மாசத்துல ஒட்டிக்கும், அப்பறம் ஒரேடியா வெட்டிடக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமா வெட்டு போட்டு தாய் மரத்துல இருந்து பிரிக்கணும். ஒரேடியா வெட்டினா கன்னுக்கு அதிர்ச்சி ஆயிடும்பான், மனுசன பத்தி பேசற மாதிரி. சயின்ஸ்ல ஒட்டு போடுதல் பத்தி ஒரு கேள்வி வந்துச்சு, அஞ்சு மார்க்குக்கு மூணு பக்கம் எழுதி பேனா மை தீந்து போயி என் பேனாவ வாங்கி எழுதினான், எந்தக் கிளைய எடுக்கணும், எந்த மாசம் கட்டணும், கன்னுக்கு எப்ப தண்ணி ஊத்தணும்னு எல்லாம். சயின்ஸ்ல நல்ல மார்க்கு, இங்கிலீசுல போச்சு. அக்டோபர்ல எழுதினான், மறுபடியும் போச்சு, அப்பறம் எழுதல. கடைசி நாள் எங்க எல்லாருக்கும் பெங்களூரா காய கீறி உப்பு மொளகா தடவி அவன் தான் குடுத்தான், பழம் வரதுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு, அதுக்குள்ள நீங்க எல்லாம் போயிடுவீங்கன்னு. இப்ப அவன் நர்சரிக்கு விவசாய காலேஜ் பசங்க வந்து நோட்ல எழுதிகிட்டு போறாங்க. ஒரு தடவ நான் இருக்கும்போதே ஒரு பொண்ணு அவன இங்கிலீசுல கேள்வி கேட்டுச்சு, அவன் என்னை கைய காட்டி, அதெல்லாம் அவர கேளும்மா, நான் இங்கிலீசுல ரெண்டு தடவ பெயிலுன்னான், ஒரு துளி வருத்தம் இல்லாம.

எருது விடற பையன் ஒருத்தன் இருந்தான், பொங்கலுக்கு எருது முட்டி தோள் எலும்பு போயி மார்ச் வரைக்கும் கட்டோட வந்தான், வலது கை, அதனால அவன் நோட்ட எல்லாம் நாங்க முறை போட்டு எழுதிக் குடுத்தோம், கடைசில பாத்தா ஒரே நோட்ல பன்னெண்டு பேர் கையெழுத்து. அந்த நோட்ட அவன் வீட்ல இன்னும் வச்சிருக்கான்.

ஆட்டோகிராப் பத்தி கேட்டீங்க இல்ல தம்பி. கலர் கலரா தாள் போட்ட சின்ன நோட்டு கிருஷ்ணகிரில கிடைக்கும், வாங்க வசதி இருந்தது நாலஞ்சு பேருக்கு தான், மீதிப் பேர் கணக்கு நோட்டு கடைசிப் பக்கத்த மடிச்சு கோடு போட்டு நீட்டுவோம். லட்சியம்னு ஒரு வரி எழுதணும், என் நோட்ல பதினோரு பேருக்கு லட்சியம் கலெக்டர், ஒருத்தனுக்கு மட்டும் "ஏதாவது வேலை", அவன் தான் முதல்ல வேலைக்கு போனான். அப்பறம் எல்லாரும் தவறாம எழுதினது, வாழ்க்கை ஒரு ரயில் பயணம், அவரவர் ஸ்டேஷனில் இறங்குவோம், உன்னை மறவேன். இதுல வேடிக்கை என்னன்னா எங்க செட்ல பாதிப் பேர் அதுவரைக்கும் ரயில்ல ஏறினதே இல்ல. தருமபுரில ரயில் உண்டு, ராயக்கோட்டை வழியா ஓசூர் போகும், ஆனா கிருஷ்ணகிரி டவுனுக்கு இன்னைய வரைக்கும் ரயில் கிடையாது, வெள்ளைக்காரன் காலத்துல திருப்பத்தூர்ல இருந்து ஒரு குட்டி ரயில் வந்துகினு இருந்துச்சு, அதையும் நிறுத்திட்டாங்க. பஸ் பயணம்னு எழுதியிருந்தா பொருத்தமா இருந்திருக்கும். கடைசிப் பரிட்சை முடிஞ்சு சட்டைல மை அடிச்சுகிட்டு சைக்கிள்ல மூணு மூணு பேரா கே.ஆர்.பி. டேமுக்கு போனோம், ஷட்டர் கீழ கால நனைச்சோம், ஒருத்தனுக்கும் ஒண்ணும் பேச வரல, ரேடியோ கூட பேசல. பசிச்சதும் கிளம்பி வந்துட்டோம், அவ்வளவு தான்.

போட்டோல பொண்ணுங்க அஞ்சு பேர்னு சொன்னேன், வகுப்புல ஆறு பேர். ஆறாவது பொண்ணுக்கு பட்டப்பேர் நோட்டு. யாரு லீவு போட்டாலும் அந்தப் பொண்ணு நோட்டுல இருந்து தான் காப்பி அடிக்கணும், அதுவும் நேரா கேக்கற வழக்கம் எல்லாம் கிடையாது, பசங்க பொண்ணுங்க கிட்ட பேசவே மாட்டோம், வாத்தியார் கிட்ட சொன்னா அவரு வாங்கிக் குடுப்பாரு. வீட்ல தெலுங்கு, தாத்தா பாட்டிக்கு தமிழ் எழுதவே தெரியாது, ஆனா தமிழ்ல அந்தப் பொண்ணு எழுத்து அச்சு மாதிரி. எங்க பக்கம் தெலுங்கு கன்னடம் உருது எல்லாம் வீட்டுக்குள்ள, வாசல் தாண்டினா தமிழ், அது ஒரு விசேஷமே இல்ல, ஆனா அந்த எழுத்து விசேஷம், தமிழ் ஐயா அத போர்டுல ஒட்டி வைப்பாரு. போட்டோ எடுத்த அன்னிக்கு வரல, நிச்சயம் ஆயிடுச்சு, கல்யாணம் ஆகப் போற பொண்ண எதுக்கு நாலு பேர் நடுவுல நிக்க வச்சு படம் புடிக்கணும்னு வீட்ல சொல்லிட்டாங்களாம். பரிட்சை மட்டும் எழுத விட்டாங்க, அதுக்கு ஹெட்மாஸ்டர் ரெண்டு தடவ வீட்டுக்கு நடந்தாரு. ரிசல்ட் வந்துச்சு, ஸ்கூல் பர்ஸ்ட். எஸ்.எஸ்.எல்.சி. புக்கு வாங்க யாரும் வரல.

நான் பி.எஸ்ஸி., பி.எட். முடிச்சு வேலைவாய்ப்பு ஆபீஸ்ல பதிஞ்சுட்டு சும்மா இருந்தப்ப அதே ஸ்கூல்ல பி.டி.ஏ. வாத்தியாரா, அதாவது பெற்றோர் ஆசிரியர் கழகம் போட்ட வாத்தியாரா, கொஞ்ச நாள் இருந்தேன். ஆபீஸ் ரூம் பீரோல யாரும் வாங்காம கிடக்கிற புக்கு ஒரு கட்டு இருக்கும், எல்லா ஸ்கூல்லயும் இருக்கும், முக்கால்வாசி பொண்ணுங்களோடது. ரைட்டரும் அதே ரைட்டர் தான், கண்ணாடி மட்டும் புதுசு. 1982ல எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் வந்துச்சு, ஜூலை மாசம், அமைப்பாளர் வேலைக்கு படிச்ச பொம்பளைங்கள எடுக்கறாங்கன்னு ஊர் ஊரா பேச்சு. ஒரு நாள் மத்தியானம் இடுப்புல ஒரு குழந்தை, கைல ஒரு குழந்தையோட அந்தப் பொண்ணு வந்து ஆபீஸ் வாசல்ல நிக்குது, ஆறு வருஷம் கழிச்சு, எஸ்.எஸ்.எல்.சி. புக்கு வேணும்னு. நான் மேஜை ஓரமா உக்காந்து அட்டெண்டன்ஸ் போட்டுகினு இருந்தேன், தலைய நிமித்தல, என்ன பேசறதுன்னு தெரியல, கூடப் படிச்சும் ஒரு வார்த்தை பேசினது இல்லையே.

ரைட்டர் கட்ட பிரிச்சு தூசு தட்டி புக்க எடுத்தாரு. வேற யாராவது வாங்கிட்டு போயிட்டா வம்பாச்சேன்னு அடையாளம் படிச்சாரு, வலது புருவத்துக்கு மேல தழும்புன்னு இருந்துச்சு. எனக்கு தூக்கி வாரிப் போட்டுது, ஏன்னா அந்தக் கட்டுலயே உண்மையான அடையாளம் அது ஒண்ணு தான், ரைட்டரே கூட தப்பு பண்ண முடியாத அளவுக்கு தெரியற தழும்பு. எங்க ஊர் ஆரம்பப் பள்ளில நாலாவது படிக்கும்போது, கோயில் திடல்ல.

அந்தப் பொண்ணு முடிய ஒதுக்கி காட்டுச்சு. ரைட்டர் கண்ணாடிய தூக்கி பாத்துட்டு, சும்மா பேச்சுக்கு கேட்டாரு, இது எப்படிம்மா பட்டுச்சுன்னு.

"கில்லி தாண்டு வெளையாடச்ச பட்டுச்சுங்க. அடிச்சவரு இங்க தான் உக்காந்துகினு இருக்காரு, அவரயே கேளுங்க."

ரைட்டர் திரும்பி என்னை பாத்தாரு. நான் எட்டாம் வகுப்பு அட்டெண்டன்ஸ்ல வராத பசங்களுக்கு கூட வந்தான்னு போட்டுகினு இருந்தேன்.